நௌஃபரின் குதிகால்

சூளையின் வாயிலிருந்து முதல் சாம்பலை இழுத்துப் போட்டதும் நௌஃபர் செருப்பைக் கழற்றினார். களப்புத் தண்ணீரில் அள்ளிய சிப்பியை இரண்டு நாள் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் அந்தச் சூளையில் சூடு பார்க்க வேறு கருவி கிடையாது, அவருடைய குதிகால்தான். வெறுங்காலோடு சாம்பலில் நின்று நபி மீது மூன்று ஸலவாத்துச் சொல்லி முடிக்கும்வரை தாங்கினால் ஆறிவிட்டது, உள்ளே போகலாம். தில்லையடியிலிருந்து முந்தல் வரை அந்தக் குதிகாலுக்கு இருந்த மதிப்பு எந்த மந்திரிக்கும் இருந்ததில்லை. குளத்துக்குச் சுண்ணாம்பு கேட்டு வரும் இறால் பண்ணைக்காரர்கள் முதலில் காலுக்குத்தான் ஸலாம் சொல்வார்கள், முகத்துக்கு அப்புறம்தான்.

குதிகாலோ மூன்று மாதமாக ஊரில் இல்லை. உடம்பில் சர்க்கரை ஏறிய சீனி வருத்தம் அதைக் கொண்டுபோய்விட்டது. முதலில் ஒரு கூச்சம், பிறகு பஞ்சில் நடப்பது போல, பிறகு ஒன்றுமில்லை. சொன்னால் சூளைப் பக்கமே விடமாட்டார்கள். இதே வருத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஹமீட், முழங்காலுக்குக் கீழே காலில்லாமல் தொங்கும் வெறும் சாரத் துணியோடு திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறார். ஆகவே யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவி ஜெய்னம்புவிடமும்கூட. சாம்பலின் நிறத்தைப் பார்த்தே இதுவரை சமாளித்தார். இன்றைய வெயிலில் எல்லாமே ஒரே வெள்ளையாக இருந்தது.

மூன்று ஸலவாத்தும் முடிந்தன. கேட்டிருந்தால் முந்நூறும் சொல்லியிருப்பார்.

"ஆறிட்டு, வாங்க."

கூடையோடு முதலில் வந்தவள் ஜெய்னம்பு. இரண்டடி வைத்தாள், மூன்றாவது அடிக்குச் செருப்பு வரவில்லை. ரப்பர் உருகிச் சாம்பலோடு ஒட்டிக்கொண்டது. அவள் பின்பக்கமாகப் பாய்ந்த பாய்ச்சலுக்குக் களப்பின் அக்கரையில் உச்சமுனையில் போய் விழுந்திருப்பாள், கூட வேலைசெய்யும் ஸப்வான் பிடித்துக்கொண்டான். யாரும் சூளையைப் பார்க்கவில்லை. நௌஃபரின் காலைப் பார்த்தார்கள். அவர் இன்னும் அதே சாம்பலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நௌஃபர் நானா," என்றான் ஸப்வான் மெதுவாக, "இறங்குங்க."

கதிரையில் இருத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஸப்வான் த்ரீவீல் பிடிக்க ஓடினான். வெள்ளையாக ஊதிப்போயிருந்த குதிகாலை, யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல நௌஃபர் பார்த்தார். ஜெய்னம்பு அவர் காலுக்கு எதிரே குந்திக்கொண்டாள்.

"கண்ண மூடுங்க. எந்த விரல தொடுறன்?"

மூடினார். "பெருவிரல்."

"இப்ப?"

"சின்ன விரல். என்ன புள்ள, பரீட்சையா?"

"இப்ப?"

"நடுவிரல்," என்றார், இன்னும் பலமாக.

அடுத்த கேள்வி வரவில்லை. கண்ணைத் திறந்தார். அவருடைய காலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெய்னம்புவின் இரண்டு கைகளும் அவள் மடியில் கிடந்தன, விரல்களில் வெள்ளைத் தூசி நனையாமல், உலர்ந்தபடியே.