மூட்டையில் வந்த சட்டை

அண்ணன் வீட்டிலிருந்து தேய்க்க வந்த துணி மூட்டையை அவள் அவிழ்த்தாள். அண்ணனின் துணிகளுக்கு நடுவே புருஷனின் நீலக்கோடு போட்ட சட்டை! இரண்டாவது பித்தானை அவள்தான் கறுப்பு நூலில் தைத்தாள். நீல நூல் இல்லை என்றதற்கு அன்று விழுந்த அறையில் இடது காது இன்றைக்கும் ரீங்காரமிடுகிறது.

புருஷனிடமிருந்து அவளை மீட்டு வந்தவனே அண்ணன்தான். இந்தச் சலவைக்கடை வேலையும் மாடி அறையும் அவன் பார்த்துக் கொடுத்தவை. அறை எங்கே என்று அவனைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அங்கே வந்த பிறகுதான் பல்லை நறநறவென்று கடிக்காமல் தூங்கப் பழகினாள்.

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டுக்குக் காலரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது, புருஷனுக்குப் பிடித்த மாதிரி, சுருக்கமே இல்லாமல். சொரணை கெட்ட கை! அதன்மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். சட்டையை எடுத்து அவன் முன்னால் போட்டாள். அவன் திருதிருவென்று முழித்தான்.

"மாப்பிள்ளை அப்பப்ப சாப்பிட வருவாரு. மழையில நனைஞ்சுட்டாரு, அதான்..."

"என்னை அடிச்சவனுக்கு விருந்தா?"

"இப்ப ரொம்ப மாறிட்டாரும்மா. என் முன்னாடி அழுதாரு."

"என் முன்னாடியும் அழுதிருக்கான். ஒவ்வொரு தடவை அடிச்சப்புறமும்."

ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனி அவன் நிழல்கூட உன்மேல் படாது என்று சத்தியம் செய்த அதே வாய்! புருஷனின் அடிகளையாவது அவள் எதிர்பார்த்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை.

"ரூம் எங்கன்னு சொல்லிட்டியா?"

"மன்னிப்புக் கேக்கணும்னாரு. நீ கதவைத் திறக்கமாட்டேன்னு..." அண்ணன் குனிந்து சட்டையை மடித்தான். "என்கிட்ட இருந்த சாவியக் குடுத்துட்டேன். உனக்காகச் சமைச்சு வெச்சுட்டு அங்கதான் உக்காந்திருக்காரு."

அவள் தேய்ப்புப் பெட்டியை ஓரமாக வைத்தாள். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த கடைக்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னைக்கு உங்க வீட்டுல தங்கிக்கட்டுமா?"

அந்தம்மா இருவர் முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் துருவவில்லை. "வா, கடையைச் சாத்திட்டுப் போகலாம்."

அண்ணன் அவசரமாக மூட்டையைத் தூக்கினான். "நானே கொண்டுவந்து விடுறேன். வீடு எந்தப் பக்கம்கா?"

வாயெடுக்கப் போன அந்தம்மாவின் கையை அவள் பிடித்து அமுக்கினாள்.

"சொல்லாதீங்கக்கா. இவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."