மொட்டைமலைக்காரி

தாவேலாத் தீவின் மலைக்கு உச்சி கிடையாது. எதிர்த்தீவான கோரோசாவின் சுறாச்சாமி ஒருநாள் பசியில் அதைக் கடித்துத் துப்பியதாம். நடுக்கடலில் உள்ள மணல்திட்டு அப்படி வந்ததுதான் என்று சுற்றிக்காட்டும் தாவேலாப் பெண் வசேமதா சொல்லச் சொல்ல, படகில் வந்த வெளியூர்க்காரர்கள் வாய் பிளப்பார்கள். படகோட்டி இலியேசா சும்மா இருப்பானா? அவன் கோரோசாக்காரன்.

"சாமி ஏன் துப்புச்சுன்னு சொல்லுடி மொட்டைமலைக்காரி. உங்க ஊரு மண்ணு அவ்வளவு புளிப்பு, உன் வாய் மாதிரியே."

இரண்டு தீவுச் சாமிகளும் உறவு. அதனால் இந்த ஊர்க்காரர்கள் அந்த ஊர்க்காரர்களை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. அவளும் விடமாட்டாள், அவன் அம்மா சுடும் மீனை நண்டுகூடத் தொடாது என்பாள். அவன் வாயில் நாலு வசவு வாங்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு திங்கட்கிழமை, மணல்திட்டில் இறங்கும்போது அவன், "பாத்து இறங்குங்க, வழுக்கும்," என்றான்.

இறங்குங்களா? வசேமதாவுக்குத் திக்கென்றது. மறுநாளும் அதே மரியாதை. போதாக்குறைக்கு அந்த மொட்டைமலையை அழகு என்று வேறு சொல்லித் தொலைத்தான். அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ, தெரியாமல் மீனைப் பற்றிப் பேசிவிட்டோமோ என்று அவள் தவித்துப்போனாள். உறவே வேண்டாம் என்று ஒதுங்குகிறவன்தான் இப்படிப் பேசுவான். சனிக்கிழமை பொறுக்க முடியாமல், தப்பாக ஏதாவது பேசிவிட்டேனா என்று அவனிடமே கேட்டாள்.

"சேச்சே, இல்லீங்க," என்றான் அவன், முகம் பார்க்காமல்.

அழுகையை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பாயில் கோரோசாப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அபிசாய் முன்னால் திமிங்கிலப் பல். பெண் கேட்டு வருகிறவர்கள்தான் அதைக் கொண்டுவந்து வைப்பார்கள்; பெண்ணைப் பெற்றவர் அதைக் கையில் எடுத்தால் சம்மதம். எல்லோருக்கும் பின்னால் இலியேசா, தலை குனிந்தபடி.

மாப்பிள்ளையாகப் போகிற வீட்டையும் ஊரையும் வைய முடியுமா, அதனால் பையன் ஒரு வாரமாக நாக்கைப் பழக்கிக்கொண்டிருந்தான் என்றார் அவன் மாமா.

மகளின் சம்மதத்தைக் கேட்டார் அபிசாய். வசேமதா அவரைப் பார்க்கவில்லை.

"ஒரு வாரமா என்னைச் சாகடிச்சிட்டியேடா, பாவி," என்றாள், அத்தனை பெரியவர்கள் முன்னால்.

அபிசாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பல்லை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.