அடிவயிற்றுத் துண்டுக்கு ஒரு தீர்ப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. மாட்டிறைச்சி ஸ்டேக்கில் எந்தத் துண்டு உசத்தி என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். டெண்டர்லாயின், ரிப் ஐ, சர்லாயின் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போய், 'அடிவயிற்றுத் துண்டான ஃபிளாங்கை மெல்ல நல்ல பல் வேண்டும்' என்று ஒரு வரி போட்டேன். அந்த வரியில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்துகொண்டார். எழுந்து போகச் சொன்னேன், கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "தலைமைச் சமையல்காரரின் நாக்கு என்றால் அந்த உணவகமே நடுங்கும்..."

(வேண்டாம். நாக்கில் ஒரு கோளாறும் இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: தலைமைச் சமையல்காரர் புதிதாகப் பல்செட் வைத்திருந்தார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. மேல்செட் இன்னும் ஈறோடு பழகவில்லை. அழுத்திக் கடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். பல் போனால் சொல் போச்சு என்று சமையலறைப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்களே என்று அவருக்குப் பயம். மனிதர் வறட்டுக் கௌரவம் பிடித்தவர்.

இது இருக்கட்டும்.

புது மெனுவுக்கு ஒரே ஒரு ஸ்டேக் போதும் என்றார் முதலாளி. எது என்று தலைமைச் சமையல்காரர் சொல்ல வேண்டும். நாலு துண்டும் சுட்டு வந்தன. ஃபிளாங்கைச் சுட்டவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அது தேறினால் புதுக் கிளையின் அடுப்பு அவனுக்கு என்று முதலாளி முன்னமே வாக்குக் கொடுத்திருந்தார்.

3

டெண்டர்லாயின் முள்கரண்டி பட்டதுமே பிய்ந்தது. உடம்பில் அதிகம் வேலை செய்யாத தசை; மென்மை உண்டு, மற்றபடி ஊமை. ரிப் ஐயில் கொழுப்பு உருகி வாய் நிறைந்தது, இரண்டு வாய்க்குமேல் திகட்டியது. சர்லாயின் நல்ல பிள்ளை, அவ்வளவுதான். ஃபிளாங்கை வாயில் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இதுதான். மாடு நடந்த நடையெல்லாம் அதில் ருசியாக இறங்கியிருந்தது.

இரண்டாவது கடியில் செட் தூக்கிக்கொண்டது. கைக்குட்டையை வாயில் பொத்தித் துப்பினார். எல்லாரும் பார்த்தார்கள்.

"என்ன அத்தான்?"

"செருப்புத் தோலு," என்றார். "டெண்டர்லாயினே இருக்கட்டும்."

முதலாளி தலையாட்டினார். மச்சினன் முகம் வாடியதைப் பார்த்து, "உங்க அத்தான் சரின்னு சொல்ற மாதிரி செஞ்சு காட்டு, அப்புறம் பாக்கலாம்," என்றார்.

* இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் நல்லவராக்க, 'அவர் நெஞ்சு துடித்த' என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். நெஞ்சு அப்போது ஒன்றும் செய்யவில்லை. வாயை மூடிக்கொள்வதிலேயே அவர் குறியாக இருந்தார். வெட்கம் பிறகுதான் வந்தது.

4

மச்சினன் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குக் கதை சுலபமாகியிருக்கும். பாவி, அவர் பின்னாலேயே பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்தான்.

"எங்க தப்புன்னு சொல்லுங்க அத்தான். திருத்திக்கிறேன்."

உன்மேல் தப்பில்லை என்று சொல்ல அப்போது நேரம் இருந்தது. அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "நாரு அப்படியே நிக்குதுப்பா. நல்லா அடிச்சுப் போடு."

சொன்னதும் உடம்பு கூசியது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒப்புக்கொண்டார். அவள் அவருக்காகச் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வாய் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இல்லாத பல்லால என் தம்பியக் கடிச்சு வச்சிருக்கீங்களே!"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சூப்பைக் குடித்தார்.

(அக்காவே தம்பியிடம் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். "அவர் வாயால சொல்லட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.)

5

ஒரு முடிவு: எல்லார் முன்னாலும் பல்செட்டைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். எழுதினேன். கைதட்டல் கேட்டது. கிழித்துப் போட்டேன். வெட்கப்படுகிற மனுஷனுக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுப்பது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.

இன்னொரு முடிவு: கொஞ்ச நாளில் ஈறு பழகிவிடுகிறது, அவர் மறுபடியும் ஃபிளாங்கை...

இல்லை. மச்சினன் அதுவரை காத்திருக்கவில்லை. தினமும் கடை திறக்குமுன் வந்து மரச் சுத்தியலால் இறைச்சியை அடித்தான். ஊறவைத்தான். மறுபடி அடித்தான். ஒரு நாள் காலையில் தட்டைக் கொண்டுவந்து அத்தான் முன்னால் வைத்தான்.

அவர் தின்றார். செட் அசையவே இல்லை. பஞ்சுபோல இருந்தது. இறைச்சி என்று சொல்ல அதில் ஒரு ருசியும் மிச்சமில்லை. நல்ல கையைத் தான்தான் கெடுத்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது.

"இப்ப சரியா அத்தான்? முதலாளியக் கூப்பிடட்டுமா?"

அவர் தட்டிலிருந்து இன்னொரு துண்டை வெட்டினார்.

"வேற ஆளா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருப்பான்," என்றான் அவன். "நீங்க சொந்தமா இருக்கப் போய்த்தான் மறைக்காம சொன்னீங்க."

இதற்குமேல் எனக்குக் கை ஓடவில்லை. அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. நான் எழுதிவிடலாம். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, அதனால்தான் எழுதக் கூசுகிறது. நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் அல்ல. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறானே, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.