முள் ஏறணும்

"கைய எடுக்கச் சொல்லுண்ணா. எலும்பு நொறுங்குது."

"முள் ஏறட்டும், எடுக்கச் சொல்றேன்."

சேட்டு பீடியைப் பற்றவைத்தான். ராஜவேலுவின் வலது கை, அவன் ரிப்பேர் பட்டறையிலேயே இருந்த, சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் இரும்புப் பல்லுக்குள் மாட்டியிருந்தது. வைஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சேட்டுவின் மச்சான் பங்காரு. கதவை உள்ளே தாழிட்டிருந்தார்கள். ஆடிக் கிருத்திகை. மலையேறுகிற கூட்டத்தின் அரோகராவில் உள்ளே யார் அலறினாலும் வெளியே கேட்காது.

நடுவில் நின்ற மோட்டார் சைக்கிள், சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் மதராஸில் ஏலம் விட்டது. சேட்டு சாராயம் கடத்துவது அதில்தான். போன வாரம் மணவூர் கிட்டே இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. சேட்டு வண்டியைப் புதருக்குள் தள்ளிவிட்டு ஓடித் தப்பினான்; சூடு ஆறியபின் ராத்திரியோடு ராத்திரியாக வந்து அதை ஓட்டிப் போனான். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி, போலீஸ் அடித்த அடியில் இடுப்பு ஒடிந்து படுத்துக் கிடக்கிறான்.

"உன்னாண்டதானே ரிப்பேருக்கு உட்டேன்? இன்னிக்கும் பாரு, எண்ணெய் மீட்டர்ல முள் கீழயே கெடக்குது. எண்ணெய் ஏறல. என் தம்பி இனி நடப்பானாடா?"

"பேரிங் தேஞ்சிபோச்சிண்ணா. அந்தச் சந்துல எண்ணெய் ஒழுகிப் பூடுது. புதுசு வாங்கியான்னு அன்னிக்கே சொன்னேனே."

"பங்காரு, ஒரு சுத்து."

"ஆங், பாவா."

ராஜவேலுவின் முழங்கால் மடங்கியது. கை மாட்டியிருந்ததால் விழவும் முடியவில்லை.

"நான் செய்யறேன்!" அவன் மனைவி தேவகி மூலையிலிருந்து பாய்ந்து வந்தாள். "அவரு வாயால சொல்லட்டும், நான் செய்யறேன். கை போச்சின்னா எங்களுக்குச் சோறு ஏது? அத்த சுத்தாதே."

ராஜவேலு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "எண்ணெய் பம்ப் பக்கத்துல பெரிய திருகு இருக்குது பாரு. கழட்டு. உள்ள ஸ்பிரிங். எண்ணெய் மிஞ்சினா அதான் தெறந்து திருப்பி உடும். அதுக்குப் பின்னால ஒரு காலணா வெச்சா இறுகும். அழுத்தம் கூடும்."

யுத்தகாலத்தில் வாஷர் கிடைக்காமல், ஓட்டைக் காலணாவின் ஓரத்தை அராவி வாஷராகப் போட்டுப் பழகியிருந்தான். அப்படி அராவியது ஒரு டப்பா நிறைய இருந்தது. சேட்டு ஓட்டி வந்த சூடு இன்னும் ஆறாத இஞ்சினில் விரல் பொசுங்கப் பொசுங்க தேவகி ஒன்றைப் போட்டு முடுக்கினாள். சேட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான். முள் நடுங்கி எழுந்து பாதிக்குக் கீழே நின்றது.

"இன்னாடா இது, பாதி கூட வரல?" சேட்டு இஞ்சினை அணைத்தான்.

"அதுக்கு மேல காலணா வாணாண்ணா. ஸ்பிரிங் தெறக்கவே தெறக்காது. மீட்டருக்குப் போற செப்புக்குழாய் ஒடிஞ்சி, நான் ஈயம் பத்த வெச்சிருக்கேன். வெடிச்சிடும்."

"கத உடறான் பாவா."

"வலி பத்தல அவனுக்கு. சுத்து."

வைஸுக்குள் சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. ராஜவேலு கத்தக்கூட இல்லை. வாய் மட்டும் திறந்தது.

தேவகி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு டப்பாவைக் கையில் கவிழ்த்தாள்.

"எத்தினி போடட்டும்ணா?"

"கொள்ற மட்டும் போடு."

"வாணாம்மே..."

"நீ கம்முனு இரு," என்று புருஷனை அடக்கிவிட்டு, திருகைக் கழற்றி, காலணா மேல் காலணாவாக அடைத்தாள். உடம்பு பாரம் முழுக்க ஸ்பானரில் போட்டுத் திருகை இறுக்கினாள்.

"ஒதைங்கண்ணா. எடுத்ததும் நல்லா முறுக்குங்க. இருட்டா கீது, குனிஞ்சி பாருங்க."

சேட்டு உதைத்துக் கிளப்பி, பெட்ரோல் டேங்க் மேலிருந்த மீட்டருக்கு நேராக முகத்தை வைத்தான். முறுக்கினான்.

"ஏறுது! பங்காரு, ஏறுதுடா!"

குழாய் வெடித்தது. கொதிக்கும் எண்ணெய் அவன் இரண்டு கண்ணிலும் அடித்தது. அலறிக்கொண்டு வண்டியோடு சாய்ந்தான். பழுத்த புகைக்குழாய் அவன் தொடைமேல் படுத்தது. கறி பொசுங்கும் நாற்றம். பங்காரு கைப்பிடியை விட்டு ஓடி வண்டியைத் தூக்கப் பார்த்தான்.

தேவகி வைஸைத் திருப்பிப் புருஷன் கையை உருவினாள். பிறகு சம்மட்டியை எடுத்துக்கொண்டாள்.

"எக்கா, தண்ணி குடுக்கா! பாவா கண்ணு வேவுது!"

"ஒரு அடி இப்பால வெச்சே, மண்ட ரெண்டாப் பூடும்."

சாய்ந்து கிடந்த இஞ்சின், முறுக்கு இறங்காமல் ஊளையிட்டது.

"அத்த அணைமே," ராஜவேலு முனகினான். "எண்ணெய் இல்லாம ஓடுது."

"ஓடட்டும்."

உள்ளே இரும்பு இரும்பை அரைத்தது. டமாலென்று நின்றது. சேட்டுவின் அலறல் மட்டும் மிஞ்சியது.

"வெரல அசைச்சிப் பாரு."

"கட்ட வெரலு அசையுது. அதுக்கு அடுத்தது... கொஞ்சம். மீதி மூணும் இல்ல."

"ஸ்பானர் புடிக்க அது போதும். எழுந்திரு."