கழி நுனியில் அக்கா

கண்ணாடிக் கடை வைத்திருந்த அவன், படகுப் பயணத்துக்கு வரச் சொல்லி அக்காவுக்குப் போன் செய்தான்.

"என்னையாடா கூப்பிடறே?" என்றாள் அவள்.

"உன்னைத்தான். வேற யாரைக் கூப்பிடப்போறேன்?"

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. நாள் முழுக்க நீராவி, ஈரப் போர்வைகள். லீவு போட்டு ஊர் சுற்றப் போனதே இல்லை. கனத்த உடம்பு. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்குவாள். சின்ன வயதிலேயே வீட்டில் அவளுக்குக் 'குண்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தவன் தம்பிதான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்ததால் அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவன் அவளைக் கூப்பிட்ட காரணம் வேறு. கடலில் ஓட்டுவதற்கென்று பழைய பாய்ப்படகு ஒன்றை அவன் வாங்கியிருந்தான். அதை எதிர்க்கரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காற்றுக் காலத்தில் நிலமுனையைச் சுற்றிக் கடலில் போகப் பயந்து, உள்நாட்டுக் கால்வாய் வழியாகப் போவது என்று முடிவெடுத்தான். ஆனால் கால்வாய், தட்டையான சரக்குப் படகுகளுக்காக வெட்டியது. இவன் படகுக்கோ கவிழாமல் இருக்க அடியில் பொருத்திய கனத்த இரும்புத் தகடு, ஏரா, ஆளுயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

"தரை தட்டத்தான் செய்யும்," என்றார் படகுத்துறை மெக்கானிக். "தட்டினா படகை ஒரு பக்கமா சாய்க்கணும். சாஞ்சா ஏராவும் சாயும், ரெண்டு விரக்கடை தண்ணி கிடைக்கும். பாய் கட்டுற குறுக்குக்கழியை வெளிய தள்ளி, நுனியில நல்ல வெயிட்டான ஆளா ஒருத்தரைத் தொங்க விடுங்க."

வீட்டுக்கு வரும் வழியிலேயே அவனுக்கு அக்காவின் நினைப்பு வந்துவிட்டது. மனைவியிடம் சொன்னான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அக்கா புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். படகின் முன்பக்கம் உட்கார்ந்து, கரையில் போகிற வருகிற எல்லோருக்கும் கையாட்டினாள். கால்வாயின் அடைப்புக் கதவுகள் மூடி, உள்ளே நீர்மட்டம் ஏறுவதையும், பாலங்கள் நடுவில் பிளந்து எழுவதையும் போனில் படமெடுத்து, கூட வேலை பார்ப்பவர்களுக்கு அனுப்பியபடி இருந்தாள். "என் தம்பி படகுன்னு போட்டிருக்கேன்," என்றாள். அவன் சுக்கானைப் பார்த்தபடி தலையாட்டினான்.

தரை தட்டியது ஒரு தூக்குப்பாலத்துக்கு நட்டநடுவில். ஏரா சேற்றில் புதைந்து படகு நின்றுவிட்டது. பாய்மரம் பாலத்தின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே நிமிர்ந்து நின்றது. படகு நகராமல் பாலத்தை இறக்க முடியாது. இரண்டு பக்கமும் கார்கள் வரிசை கட்டின. ஆட்கள் இறங்கி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"எவ்வளவு நேரங்க ஆகும்?" என்று பாலக்காரர் தன் கூண்டிலிருந்து குரல் கொடுத்தார்.

அவன் எஞ்சினை முன்னே முடுக்கினான், பின்னே முடுக்கினான். கறுப்புச் சேறு கொப்பளித்ததுதான் மிச்சம். மனைவிக்குப் பதற்றம் தாங்கவில்லை.

"ஏங்க, அண்ணியைக் கூப்பிட்டுத் தொங்கச் சொல்லுங்க. அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தோம்?"

அக்கா அப்போதுதான் மூன்று கோப்பை டீயுடன் கீழறையிலிருந்து படியேறி வந்துகொண்டிருந்தாள். கடைசிப் படியில் நின்றாள்.

"சும்மா சொல்றாக்கா அவ," என்றான்.

அக்கா கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். "எங்கடா உக்காரணும்?" என்று கேட்டாள்.

பாய்மரம் ஏறி வேலை செய்வதற்காக வைத்திருந்த, பலகை தைத்த துணி இருக்கையில் அவளை உட்கார வைத்து, கழி நுனியில் மாட்டி, வெளியே தள்ளினான். தண்ணீருக்கு மேலே அவள் மெதுவாகச் சுழன்றாள். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. படகு முனகிக்கொண்டு சாயத் தொடங்கியது.

"அந்தம்மா உள்ள விழுந்தா தண்ணி ஏறிடும், படகு தானா மிதக்கும்," என்றான் பாலத்தில் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். கைப்பிடிக் கம்பி நெடுகப் போன்கள் உயர்ந்தன. அவன் அண்ணாந்து பார்த்தான். அத்தனை முகங்களும் தன்னைப் பார்ப்பதாகப் பட்டது. அவனும் சிரித்தான். நானும் உங்கள் பக்கம்தான் என்று சொல்வதுபோல, கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பியபோது, அந்தச் சுழற்சியில் அக்காவின் முகம் அவன் பக்கம் வந்திருந்தது.

படகு விடுபட்டது. பாலம் இறங்கியது. யாரோ கை தட்டினார்கள்.

சாயங்காலம் கரையில் படகைக் கட்டியதும் மனைவி அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்பினாள். அவன் கயிற்றைத் தேவையில்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"உள்ளதைச் சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனாடா?" என்றாள் அக்கா. "இப்படி ஒரு வேலை, நீ வந்தாதான் முடியும்னு சொல்லியிருந்தா, சிரிச்சுக்கிட்டே வந்திருப்பேன். நீ ஆசையா கூப்பிடறேன்னு நினைச்சு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுட்டு வந்தேன்."

"ஆசையும் இருந்துச்சுக்கா."

அது பொய் என்று அவனுக்கும் தெரியும்.

மறுநாள் கால்வாய் வளைவு ஒன்றில் மறுபடியும் தட்டியது. அக்கா எழுந்தாள். அவன் குறுக்கே போய் நின்றான்.

"வேண்டாம்க்கா. இழுவைப் படகுக்குச் சொல்லிட்டேன். வந்துடும்."

"எப்ப வரும்?"

"மத்தியானத்துக்கு மேல."

"அதுவரைக்கும் இந்த வெயில்ல உக்காந்திருக்கணுமா?"

"உன்னை இன்னொரு தடவை அப்படிப் பார்க்க என்னால முடியாது."

"பார்க்க முடியலன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கோ," என்றாள் அவள். "தொங்குறது நான். நீ வெக்கப்படறே, அதுக்கும் நானே காயணுமா? வழியை விடு."

வழிவிட்டான். இருக்கையைத் தானே மாட்டிக்கொண்டு, கழியைத் தள்ளு என்று கைகாட்டினாள். இந்த முறை கரையில் யாரும் இல்லை. ஆனாலும் அவன் எஞ்சினைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. படகு சேற்றை விட்டு எழுந்தபோது, "ஹ்ம், போ," என்று மாட்டை ஓட்டுவதுபோல அவள் சொன்னது காதில் விழுந்தது.

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததும் அக்கா பையைக் கட்டிவிட்டாள். கடலில் ஒரு சுற்று போய்வரலாம் என்று கூப்பிட்டான். வேலை கிடக்கிறது என்றாள். பஸ் நிலையம்வரை பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தான். வழி நெடுக ஒரு வார்த்தையைத் தேடினான். தேடியதெல்லாம் கேட்கும்போது சாக்குப்போக்காகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலோரம் நின்று, "அன்னிக்கு நானும் சிரிச்சேன்க்கா," என்றான்.

"பார்த்தேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். அக்கா ஜன்னல் கம்பியில் கை வைத்துச் சொன்னாள்: "வேலையில கேப்பாங்க. ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டான்னு சொல்லிடறேன். நீயும் மாத்திச் சொல்லிடாத."

பஸ் போய்விட்டது. அவன் படகுக்குத் திரும்பியபோது மனைவி மேல்தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி எதுவும் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல," என்று சொல்லிவிட்டு அவன் அவளிடமிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டான்.