புறங்கைத் தட்டு

நெய்னார் வீட்டில் தொழுகை நடத்தும்போது பிழை விட்டால், திருத்துவது அவர் மனைவி றம்லாவின் பொறுப்பு. பின்னால் ஆண்கள் நின்றால் 'சுப்ஹானல்லாஹ்' என்பார்கள். பெண்கள் வாய் திறப்பதில்லை. ஒரு கையால் தங்கள் மற்றக் கையின் புறங்கையில் சத்தம் வர ஒரு தட்டு, அவ்வளவுதான். மறதி நோய் என்று சிலாபத்து டொக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தத் தட்டுகள் கூடிக்கொண்டே போயின. பள்ளிவாசலுக்குப் போன மனிசன் வீட்டுக்கு வழி தெரியாமல் மதுரங்குளிச் சந்தியில் நின்றதற்குப் பிறகு, இராவில் தொழும் இஷாத் தொழுகையும் வீட்டில்தான்.

அந்த வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வந்த மகன் மிஹ்லாரும் பின்னால் நின்றான். இஷாவுக்கு நாலு றக்அத். நாலாவது சுற்று முடிந்து உட்கார வேண்டியவர் ஐந்தாவதுக்கு எழும்பினார். மிஹ்லார் வாய் திறக்குமுன் றம்லா தட்டிவிட்டாள். நெய்னார் கட்டிய கையை அவிழ்த்தார். நேரே போய்க் கதவைத் திறந்து, இருட்டைப் பார்த்து, "வாங்க, உள்ளுக்கு வாங்க" என்றார். திரும்பி வந்து, "ஒருத்தரையும் காணல்ல" என்றார்.

றம்லாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மிஹ்லாருக்கு அழுகை மட்டும்தான்.

"உம்மா, நாளையிலிருந்து நான் முன்னுக்கு நிக்கிறன்."

"நீ கொழும்புக்குப் போனா?"

"தனித்தனியாத் தொழுங்க."

"கடையை மூடியாச்சு. சைக்கிளை வித்தாச்சு. சாவிக்கொத்தையும் அலுமாரிக்குள்ள ஒளிச்சாச்சு. அவருக்கு இந்தப் பாய் ஒண்டுதான் மிச்சம். அதையும் பறிக்கவா மகன்?"



மறுநாள் இஷாவுக்கு மிஹ்லார் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். றம்லா தன் தொழுகையை முன்கூட்டியே அறைக்குள் முடித்துவிட்டு வந்து நெய்னாருக்குப் பின்னால் நின்றாள். இனித் தட்டுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். எத்தனை தொழுதாலும் தொழட்டுமே, படைத்தவனுக்குத் தெரியாதா இவர் நிலைமை?

ஐந்தாவது போனது. கையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆறாவதும் போனது. ஏழாவதில் அவருடைய முணுமுணுப்பே கேட்கவில்லை. தலையைக் கொஞ்சம் சரித்தபடி சும்மா நின்றார். ஓதுவதும் மறந்துபோய்விட்டதாக்கும் என்று அவள் நினைத்தாள். அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"றம்லா, நீ பின்னுக்கு இல்லையோ எண்டு பயந்துட்டன்."

"இரிக்கன். இஞ்சதான் இரிக்கன்."

"அப்ப ஏன் தட்டல்ல? எனக்கு எண்ணிக்கை நிக்கிதில்ல புள்ள. நீ தட்டுவா எண்ட நம்பிக்கையிலதானே நான் முன்னுக்கு நிக்கிறன்."

றம்லா பெரிய இரக்கம் காட்டுவதாக நினைத்து, மனிசனைத் தன்னந்தனியே விட்டுவிட்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

நெய்னார் மறுபடி முதலிலிருந்து 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டினார். அவளும் கட்டினாள். நாலாவது முடிந்து அவர் எழும்பப் போனபோது, புறங்கையில் பலமாகத் தட்டினாள்.

நெய்னார் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.