உயிரோடு இருந்தவளுக்குத் திவசம்

மால்-சுன் தன் தாயை முதலில் சாகடித்தது சம்பந்தம் பேசிய விருந்தில்தான். "அப்பா, அம்மா ரெண்டு பேரும் கனடாவுல கார் விபத்துல போயிட்டாங்க" என்று அவள் கண் கலங்கியபோது, கொரியாவின் தென்கோடியில், தொங்யோங் துறைமுகத்துக் கொட்டகையில் அவள் அம்மா ஈரச் சிப்பிக் குவியலின் முன் உட்கார்ந்து ஓடு பிளந்துகொண்டிருந்தாள்.

அந்த விருந்துக்கு முன்பே மால்-சுன் இன்னொருத்தியின் பேரை எடுத்துக்கொண்டு யூன் சே-ரியோங் ஆகியிருந்தாள். மூக்கும் தாடையும் அழகு சிகிச்சைக் கத்தி பட்டு மாறியிருந்தன. சியோலின் பெரிய ஓவியக்கூடத்தில் வேலை. பேச்சில் ஊர் வாடையே இல்லை. பெரிய மருத்துவமனைக் குடும்பத்தின் ஒரே பிள்ளை ஜி-ஹொன் அவளை விரும்பிக் கட்டிக்கொண்டான்.

ஜி-ஹொன் நல்லவன். அதுதான் வினையாயிற்று. மனைவி யாருமற்றவள் என்று இரங்கி, முன்னோருக்குப் படைக்கும் சூசோக் பண்டிகைதோறும் அவளுடைய பெற்றோருக்கும் திவசப் படையல் போட வைத்தான். பேரிக்காயும் காய்ந்த மீனும் சோற்று மதுவும் வைத்து, மால்-சுன் நெற்றியைத் தரையில் பதிப்பாள். 'அம்மாவுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாது' என்று உள்ளுக்குள் முணுமுணுப்பாள்.

மகள் யே-தாமுக்கு ஐந்து வயதானபோது, ஒரு காலை அண்ணன் தூ-சிக் போனில் கூப்பிட்டான்.

"ஏய் மால்-சுன், அம்மா போயிட்டாடி. சிப்பி உடைச்சிட்டிருந்தவ அப்படியே சாஞ்சிட்டா. நாளன்னைக்கு எடுக்கிறோம். வருவியா, இல்ல மகாராணிக்கு நேரமில்லையா?"

"வரேண்ணே."

"இப்படித்தான் வருஷா வருஷம் சொன்ன. அவளும் வாசலைப் பாத்துட்டே கெடந்தா."

மாமியார் கண்ணாடி அறையில் ஆர்க்கிட் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மால்-சுன் போய் நின்றாள்.

"அத்தே, பூசான்ல ஒரு சிநேகிதிக்கு உடம்பு முடியல. போய்ப் பாத்துட்டு..."

"பூசான்ல சிநேகிதியா, தொங்யோங்ல அம்மாவா?"

மால்-சுன் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஏம்மா முழிக்கிற? நிச்சயத்துக்கு முன்னாடியே விசாரிச்சிட்டேன். கேக்க நாதியில்லாத மருமக, வாயைத் தொறக்க முடியாத மருமக. இதைவிட நல்ல சம்பந்தம் எனக்கு எங்க கெடைக்கும்?"

"அத்தே, ஒரே ஒரு நாள். மொகத்தை மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"தாராளமா போ. ஆனா போறவ மால்-சுன். அவளுக்கு இந்த வீட்டுல புருஷனும் இல்ல, பொண்ணும் இல்ல. பேரையே திருடினவகிட்ட எந்தக் கோர்ட்டு புள்ளையக் குடுக்கும்?" மாமியார் அடுத்த இலையைத் துடைக்கத் தொடங்கினாள்.

மால்-சுன் பேருந்து நிலையம் வரை போனாள். டிக்கெட்டும் எடுத்தாள். வண்டியில் ஒரு கால் வைத்தபோது, பள்ளி விட்டு வரும் யே-தாம் வீட்டில் தேடுவாளே என்ற நினைப்பு வந்தது. காலைக் கீழே வைத்தாள். பின்னால் நின்றவர்கள் அவளை ஒதுக்கிவிட்டு ஏறினார்கள். வண்டி போய்விட்டது.

தூ-சிக் ஒருமுறை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. பிறகு அவன் கூப்பிடவே இல்லை.

அடுத்த வாரம் மாமியார் யே-தாமின் கட்டிலைத் தன் அறைக்கு மாற்றச் சொன்னாள். "அம்மாவுக்கு ஆசையா இருக்கு, விடேன்" என்றான் ஜி-ஹொன்.

குழந்தையின் தலையணையை மால்-சுன் தானே எடுத்துக்கொண்டு போய் மாமியாரிடம் கொடுத்தாள்.